விடு என்றால் என்ன அர்த்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைக் கேட்டால் அப்பாவுடையது நன்றாக இருக்கிறது, என்னுடையது போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நன்றாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன குறை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசிப் பார்த்தாயிற்று. புதன்கிழமை நான் சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை, "சரி சரி, விடும்மா" என்று வைத்துவிட்டாய். எந்த வார்த்தையால் என் வண்டி சுவரில் போய் மோதியதோ அதே வார்த்தையைச் சொல்லி என் வாயையும் அடைத்துவிட்டாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன், தபாலில் போட்டால் நாளாகும் என்று அப்பா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். முழுவதையும் படித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த ரேஸுக்கு நானாக வரவில்லை. மருந்துக்கடை கவுன்டரில் நின்றோமா, வீட்டுக்கு வந்து காலை நீட்டினோமா என்று நான் பாட்டுக்கு இருந்தவள். வேலை கிடைத்து நீ அவ்வளவு தூரம் கிளம்பியபோது உன் ரூமில் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுகிற ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் பெரிய திரையையும் மேஜையில் முடுக்கியது முடுக்கியபடியே வைத்துவிட்டுப் போனாய், அப்புறம் ஒரு நாள் போனில் அதையெல்லாம் யாருக்காவது விற்றுவிடுங்கள் என்றாய். அப்பா விளம்பரம் போட்டார். ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இது ஓடுமா?" என்று கேட்டார், ஓட்டிக் காட்டலாமே என்று நான் உட்கார்ந்தேன். அந்த மனுஷன் நின்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார், நான் எழுந்திருக்கவில்லை. அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது யார்? "சூப்பர்மா, ஆன்லைன்ல ஜோடி ரேஸ் ஒண்ணு நடக்குது, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, எனக்கு ஜோடி இல்ல, நீ வா" என்று கூப்பிட்டது யார்? நீதானே. இப்போது இரண்டு வருஷம் கழித்து "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்கிறாய். எனக்கு எதற்கு ரெஸ்ட்? உட்கார்ந்துகொண்டுதானே ஓட்டுகிறேன்.

அந்த இரண்டு வருஷமும் நீ என் காதில் ஓதியது ஒரே மந்திரம், பொறுமை. வளைவுகளில் வெளிப்பக்கம் மேடாக, முட்டை வடிவத்தில் ஒரு ரோடு, இடது பக்கம் மட்டும் திரும்பிச் சுற்றிச் சுற்றி வருவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டேன், அப்படிக் கேட்கிறவங்க எல்லாரும் முதல் வளைவிலேயே சுவத்துல இருப்பாங்க என்று நீ சொன்னாய், அன்றைக்கே நானும் இருந்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாய். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே, அந்த மஞ்சள் விளம்பரப் பலகை வந்ததும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், வண்டி தானாக உருண்டு உள்பக்கம் இறங்க வேண்டும், ஸ்டீயரிங்கை எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது, வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரேயடியாக மிதிக்காமல் தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி மெல்ல மெல்ல அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வலது பக்க முன் டயர் பாதி ரேஸிலேயே தேய்ந்துபோய் வண்டி வளைய மறுத்து நேராகச் சுவரைப் பார்த்துப் போகும். பக்கத்தில் இன்னொரு வண்டி இருந்தால் அதற்கு ஒரு வண்டி அகலம் இடம் வைக்க வேண்டும். முன்னால் போகிறவரை நமக்குத் தோன்றுகிற இடத்தில் முந்தக் கூடாது, அவர் தப்புப் பண்ணுகிற இடம் வரும்வரை பின்னாலேயே போக வேண்டும். இத்தனையையும் கேட்டேன். என் மாமியார் சொன்னதைக்கூட நான் இப்படிக் கேட்டதில்லை, உன் அப்பாவே சாட்சி. முதல் சீசன் முழுக்கக் கடைசியில்தான் வந்தேன், நம் குழுவில் டாக்ஸி ஓட்டுகிறவர் எனக்கு "இஸ்திரி அக்கா" என்று பெயர் வைத்தார், துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி அதே கோட்டில் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறேனாம். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்தவர்களுடைய டயரெல்லாம் தேய்ந்த பிறகு இஸ்திரி அக்கா ஒவ்வொருவராகத் தாண்டிப் போக ஆரம்பித்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "பொறுமைன்னா எங்கம்மாதான்" என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினாயே, அதெல்லாம் மறந்துபோயிற்றா?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது, அப்பா அந்த ரூமுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். மூன்று சுற்று மீதி. முன்னால் டாக்ஸிக்காரர், இரண்டாவது நான், என் வாலைப் பிடித்துக்கொண்டு நீ. அவருடைய டயர் போய்விட்டது, வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவர் வண்டி மேலே சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும் நான் கொஞ்சம் கொஞ்சமாக அவரை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், அவர் ஒதுங்குகிற இடத்தில் உள்பக்கமாக நுழைந்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நுழைய முடியாவிட்டால்தான் என்ன? நான் இரண்டாவது, நீ மூன்றாவது, நம் ஜோடி முதலிடத்துக்குப் போயிருக்கும். நீ என்னைத் தாண்டிப் போய் நீ இரண்டாவது நான் மூன்றாவது என்று வந்தாலும் அதே புள்ளிதான், ஜோடி ரேஸில் இரண்டு பேருடையதையும் கூட்டத்தானே போகிறார்கள். கணக்கில் மெடல் வாங்கியவள் நீ, உனக்குக் கூட்டல் நான் சொல்லித்தர வேண்டுமா? அப்புறம் என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன். இரண்டு வருஷம் எனக்குப் பொறுமையைப் பாடமாக எடுத்தவளுக்கு மூன்றே மூன்று சுற்று பொறுக்க முடியவில்லை. மஞ்சள் பலகை வருகிறது, நான் காலை எடுக்கப் போகிறேன், சரியாக அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் உன் குரல், "விடும்மா! விடு விடு விடு!"

நீயே சொல், வண்டி ஓட்டுகிறவளிடம் "விடு" என்றால் என்ன அர்த்தம்? எனக்கு நிஜக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது உன் அப்பா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ரோடு காலியாக இருந்தால் "ம், விடு விடு" என்பார், நன்றாக மிதித்துப் போ என்று அர்த்தம். நீ பின் சீட்டில் நின்றுகொண்டு அவரோடு சேர்ந்து "விது விது" என்று கத்துவாய், அப்போது உனக்கு நாக்கே சரியாகத் திரும்பாது. நம் வீட்டுக் காரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்ததே இல்லை. அதனால் நான் விட்டேன். என் மகள் பின்னாலிருந்து பார்க்கிறாள், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு சந்து அவளுக்குத் தெரிகிறது, இல்லாவிட்டால் சொல்வாளா என்று உன்னை நம்பி, காலை எடுக்காமல், அடிவரை அழுத்தினேன். அப்புறம் என்ன, வண்டி வளையவில்லை, நேராக மேலே ஏறிப் போய் டாக்ஸிக்காரரின் கதவில் இடித்து, நாங்கள் இரண்டு பேரும் சுவரில் தேய்ந்து, பின்னால் வந்த நீ எங்கள் மேலேயே ஏறி, மூன்று வண்டியும் காலி. நான்காவதாக எங்கேயோ பின்னால் ஊர்ந்துகொண்டு வந்த யாரோ ஒரு புது ஆள் ஜெயித்தார், ஜெயித்தது தெரியாமல் அவர் இன்னும் ஒரு சுற்று சுற்றினார். உடனே நீ கேட்டாய் பார் ஒரு கேள்வி, "வழி விடச் சொன்னா இப்படியா பண்ணுவ?" என்று. வழி விடு! முன்னால் ஒரு "வழி" சேர்த்துச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கவுன்டரில் நான் ஒருவர் கையில் மாத்திரையைக் கொடுத்து இப்படிப் பாதி வார்த்தை சொல்லி அனுப்பினால் சும்மா இருப்பார்களா? இதில் உன் அப்பா வேறு. சமையலறையில் இருந்தவர், ஸ்பீக்கரில் "விடும்மா" என்று கேட்டதும், சாப்பிட நேரமாகிவிட்டது, ரேஸை விட்டுவிட்டு எழுந்திரு என்று நீ எனக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தட்டுகளை எடுத்துவைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு வந்து நின்று "அவளே சொல்லிட்டா, விட்டுட்டு வா" என்கிறார். திரை முழுக்கப் புகை. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தப்பித்தது பெரிய விஷயம்.

சரி, பெடல் மேல் இருந்தது என் கால், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. டாக்ஸிக்காரருக்கு நானே மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவர் நல்ல மனுஷன், "பரவால்லக்கா, நாள் பூரா இடிக்காம ஓட்டி ஓட்டி எனக்கே போரடிச்சுப் போச்சு" என்று பதில் போட்டார். எனக்கு ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். ரேஸ் நடத்துகிற பல் டாக்டர் என்ன நடந்தது என்று குழுவில் கேட்டார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்காருவதற்குள் நீ எழுதிவிட்டாய், "அம்மா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, அவங்க சார்பா சாரி." என் சார்பாக சாரி கேட்க உன்னை யாரடி கேட்டது? அவசரப்பட்டது நானா? நாம் இரண்டு பேரும் ரேஸில் பேசிக்கொள்வது வேறு யாருக்கும் கேட்காது, எந்தப் பதிவிலும் வராது. நீ என்ன சொன்னாய் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். நான் அதைக் குழுவில் போட்டு உடைத்திருக்கலாம். செய்யவில்லை. பெற்ற மகளை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, உனக்கு வந்தது. பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்கிப் பழகியவர் இல்லையா, மிகவும் மரியாதையாக, நான் அடுத்த ரேஸில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இந்த வயதில் எனக்கு அவசரக்காரி என்று பெயர்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி ரேஸ், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் யாருக்கு யார் ஜோடி என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், நீ நம் குழுவில் ராக்கெட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஓட்டுகிறானே அந்தப் பையனைக் கேட்டிருக்கிறாயாம். அதையும் நீ சொல்லவில்லை, டாக்ஸிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆள் கிடைக்காமல் ராக்கெட்டா கிடைத்தான்? பந்தயம் ஆரம்பித்த கையோடு எல்லோரையும் முந்துவான், அடுத்த முறை பார்க்கும்போது பின்பக்கமாகத் திரும்பி நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பான், கேட்டால் இன்டர்நெட் மேல் பழி போடுவான். அவன் காலுக்குக் கீழே பிரேக் என்று ஒன்று இருப்பதை அவனிடம் யாரும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. ஒரு ரேஸில் ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டு நான் மோதினேன், என்னை மாற்றிவிட்டு, யார் பேச்சையும் கேட்காமல் ஒவ்வொரு ரேஸிலும் மோதுகிறவனைச் சேர்த்துக்கொள்கிறாய். இதற்கு நான் என்ன சொல்ல. நாம் பொறுமையாக ஓட்டிச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுக்கிறாய்.

கோபத்தில் வீட்டு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிசியோதெரபி செய்ய வருகிற பெண்ணை மிரட்டி அனுப்பிவிட்டுக் கால் மடங்கவில்லை என்று என்னிடம் அழுகிறாள், நீ ஒரு போன் பண்ணிப் பேசு, நீ சொன்னால் கேட்பாள். வாஷிங் மெஷின் துணி சுற்றும்போது நடந்து நடந்து வாசலுக்கு வந்துவிடுகிறது, அப்பா அதன் காலடியில் அட்டை வைத்திருக்கிறார், அட்டையோடு சேர்ந்து வருகிறது. கீழ் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் யாரை மிதிக்கிறீர்கள் என்று கேட்டார், பிரேக் பெடல் சத்தம்தான், அடியில் தடியான மிதியடி ஒன்று மடித்துப் போட்டிருக்கிறேன். கடையில் எனக்கு இடம் மாற்றிவிட்டார்கள், ஏசிக்கு நேர் கீழே, கழுத்து பிடித்துக்கொள்கிறது. உன் அறையில் ஜன்னல் திரையை மாற்றினேன், ரேஸ் ஓட்டுகிற திரையில் வெயில் விழுந்து வளைவு தெரியவில்லை. அப்பா வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் கண் டெஸ்ட் பண்ணினார்கள், அவருக்குத்தான் பவர் கூடியிருக்கிறதாம், நாளெல்லாம் ஊரார் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கொடியில் சொல்லலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன். உனக்கு இது தெரியுமோ தெரியாதோ, இப்போது சொல்லிவிடுகிறேன். யாராவது சுழன்று மோதினால் மஞ்சள் கொடி விழுகிறது, ஒருவரை ஒருவர் முந்தாமல் எல்லோரும் வரிசையாக மெதுவாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, மற்றவர்களெல்லாம் எரிச்சலில் புலம்புவார்கள். நான் மட்டும் யாராவது சுழல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் அந்த மெதுவான சுற்றுகளில்தான் நீ பேசுகிறாய். போனில் எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வேலை இருக்கு", அவ்வளவுதான், கவுன்டரில் மாத்திரை வாங்குகிறவர்கள்கூட என்னிடம் அதைவிட நிறையப் பேசுகிறார்கள். மஞ்சள் கொடியில் உன் கைக்கு வேலையில்லை, கண் முன்னால் போகிற வண்டியில் இருக்கிறது, வாய் தானாகப் பேசுகிறது. உன் மேலதிகாரி உன் வேலையைத் தன் வேலை என்று காட்டிக் கைதட்டு வாங்கியது, குளிக்கிற அறைக் கதவு பூட்டிக்கொண்டு நீ உள்ளே மாட்டிக்கொண்டது, காய்ச்சலில் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் தனியாகக் கிடந்தது, ஒருவரைப் பிடித்திருந்து அப்புறம் பிடிக்காமல் போனது, எல்லாம் எனக்கு அப்படித் தெரிந்ததுதான். பச்சைக் கொடி விழுந்ததும் பாதியில் நிறுத்திவிடுவாய், மீதியைக் கேட்க அடுத்த மோதல்வரை நான் காத்திருப்பேன். அந்தப் பொறுமையை நீ எனக்குச் சொல்லித்தரவில்லை. ராக்கெட்டோடு சேர்ந்தால் மஞ்சள் கொடிக்குப் பஞ்சமிருக்காது, அவன் ஒருவனே போதும், ஆனால் அவனிடமா இதையெல்லாம் பேசுவாய்? ஜோடி இல்லாமலும் ஓட்டலாமாம், டாக்ஸிக்காரர் சொன்னார். நான் கடைசி வரிசையில் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லாமல் சும்மா இடது பக்கம் திரும்பிக்கொண்டிருப்பேன். எனக்கு வயிறு எரிகிறது. புள்ளி போனதற்கில்லை, பெயர் கெட்டதற்கும் இல்லை, இதற்குத்தான் எரிகிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது, சனிக்கிழமைக்குள் பல் டாக்டருக்கு எழுதி, நீ என்ன சொன்னாய் என்று உன் வாயால் சொல்லிவிடு, சாரி வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். ஜோடி என்ற இடத்தில் என் பெயரைப் போடு. கடைசியிலிருந்து கிளம்புவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, எல்லோரும் முன்னால் அடித்துக்கொள்ளட்டும், நான் டயரைக் காப்பாற்றிக்கொண்டு நிதானமாக வருவேன், முடிகிற நேரத்தில் உன் கண்ணாடியில் தெரிவேன். அப்போது உள்பக்கம் எனக்கு ஒரு வண்டி அகலம் இடம் வை. அந்த மேலதிகாரியிடமும் அடுத்த தடவை வாயைத் திறந்து பேசு, பொறுமை என்பது டயருக்குத்தான், எல்லா இடத்திலும் அதைக் கொண்டுபோய் வைக்காதே. ராத்திரி படுக்கும்போது போனைத் தள்ளி வை. சித்திக்குப் பேச மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் வராமல் நீ நினைத்ததெல்லாம் உனக்கு நடக்கட்டும், கோபமாக இருந்தாலும் அதைத்தான் தினமும் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் நம் வண்டியில் "விடு" என்ற வார்த்தையே கிடையாது, நீயும் சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன். காலை எடுக்க வேண்டுமானால் "எடு". மிதிக்க வேண்டுமானால் "போ" என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. என்னால் முடியாது. உன்னைப் பார்த்து நான் போ என்று சொன்னதே இல்லை, நீ கிளம்பின அன்றைக்குக்கூட "போய்ட்டு வா" என்றுதான் சொன்னேன், வளைவில் அவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால் மிதிக்கச் சொல்ல "வா" என்று சொல்வேன். ரேஸ் முடிந்து, நீ ஹெட்செட்டைக் கழற்றப் போகிற நேரத்திலும் நான் "வா" என்று சொன்னேனென்றால், அதற்கு மூன்று அர்த்தமெல்லாம் கிடையாது.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா